கேட்டுக்கு முன்னால் நின்ற பஸ்

மேம்பாலத்துக்குக் கீழே, சாலையோரமாக பஸ் நின்றது.

கம்பெனி கேட் அங்கிருந்தே தெரியும். மஞ்சள் விளக்கு, ஏறி இறங்கும் தடுப்புக் கட்டை, குடையோடு நிற்கும் காவலாளி, எங்கள் பேச்சில் ஜாகா. இன்னும் கொஞ்சம் ஓட்டினால் உள்ளே போய்விடலாம். ஆனால் டிரைவர் மணியம் அண்ணன் இன்ஜினை அணைத்துவிட்டார். வைப்பர் பாதிக் கண்ணாடியில் அப்படியே நின்றுபோனது.

பின்னால் தூங்கிக்கொண்டு வந்தவர்கள் விழித்துக்கொண்டார்கள். "என்னாச்சு அண்ணே, பிரேக்டவுனா?" என்று ஒருவர் கேட்டார்.

மணியம் அண்ணன் தலையை நிமிர்த்தினார். தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"கேட்டுக்குள்ள போனா கம்பெனி இடம். இது கவர்மெண்ட் ரோடு. கார்டு பஞ்ச் பண்ண இன்னும் நேரம் இருக்கு. எந்திரிச்சுப் பேசு கலா."

கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். வீட்டில் சமைத்துக்கொண்டே மனப்பாடம் செய்து வைத்திருந்த பேச்சில் ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை. ஈரக் குடைகளின் வாடையும், யாரோ மடியில் வைத்திருந்த நாசி லெமாக் பொட்டலத்தின் வாசனையும் இன்றைக்கும் மூக்கில் இருக்கின்றன. எல்லா முகங்களும் என் பக்கம் திரும்பியிருந்தன.

"லெட்சுமி கை..." என்று ஆரம்பித்தேன். அதற்குமேல் குரல் வரவில்லை.

காஜாங் வாசகியின் கேள்வி

காஜாங்கிலிருந்து ஒரு வாசகி இந்தப் பத்திக்கு எழுதியிருந்தார். 'வீடு, பிள்ளைகள், வேலை என்று எல்லாவற்றையும் எழுதுகிறீர்கள். யூனியன் தேர்தலில் நின்றேன் என்று ஒரே ஒரு வரி எழுதிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்களே. என்ன நடந்தது? ஜெயித்தீர்களா?'

வேண்டுமென்றேதான் தாண்டிப் போனேன். அந்தக் கதை எனக்கு மட்டும் சொந்தமானதல்ல. இரண்டு பேரிடம் கேட்க வேண்டியிருந்தது. லெட்சுமியிடம் கேட்டபோது, "எழுதுங்கக்கா, என் பேரையே போடுங்க" என்றாள். மணியம் அண்ணன் சிரித்தார், அவ்வளவுதான். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

கிள்ளானில், காப்பார் சாலைப் பக்கம், அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் நான் வேலை பார்த்தேன். பிஸ்கட், சோப்பு, கையுறை, எதை ஏற்றுமதி செய்தாலும் பெட்டி வேண்டுமே. எங்கள் பெட்டிகள் போர்ட் கிள்ளான் வழியாக உலகம் பூராவும் போய்க்கொண்டிருந்தன. நான் பெட்டியின் ஓரங்களை மடித்து ஒட்டும் மெஷினில் நின்றேன். அட்டை கையிலிருக்கும் எண்ணெய்ப் பசையை எல்லாம் உறிஞ்சிவிடும். விரல் நுனி வெடித்து, குழம்புக்குப் புளி கரைத்தால் சுரீர் என்று எரியும். பசை காயும்போது கிளம்பும் புளித்த மாவு வாடை தலைமுடிவரை ஏறியிருக்கும். எங்காவது கோமுட்டர் ரயிலில் போனால், என் பக்கத்தில் உட்காருபவர்கள் லேசாக மூக்கைச் சுளிப்பார்கள்.

அதற்கு முன்னால், கல்யாணமாகாத காலத்தில், சுபாங் ஜெயா பக்கம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் இருந்தேன். அங்கே யூனியன் கிடையாது. அந்தச் சொல்லைச் சொன்னாலே சூப்பர்வைசர் தலையைத் திருப்பிப் பார்ப்பார். டாய்லெட்டுக்குப் போக ஓர் அட்டை வைத்திருந்தார்கள். லைனுக்கு ஒரே ஓர் அட்டை. அது திரும்பி வரும்வரை அடுத்தவள் காத்திருக்க வேண்டும். நாங்கள் அதைப் பற்றிப் பேசிச் சிரித்துக்கொண்டோமே தவிர, யாரும் எதுவும் கேட்டதில்லை. கேட்க ஓர் இடம் இருக்கிறது என்பதே எங்களுக்குத் தெரியாது.

அதனால் கிள்ளான் தொழிற்சாலையில் சேர்ந்த முதல் வாரமே, கையில் உறுப்பினர் படிவத்தோடு ஒருவர் வந்து, "சங்கத்துல சேர்ந்துக்கம்மா" என்றபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அவர்தான் கிளைத் தலைவர் சந்திரன் அண்ணன்.

அவரைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். எங்கள் ஆட்கள் வீட்டில் சாவு விழுந்தால் முதல் ஆளாக வந்து நிற்பார். வண்டி, கொட்டகை, நாற்காலி எல்லாம் அவர் பொறுப்பு. என் மாமியார் இறந்தபோதும் அவர்தான் ஓடியாடிச் செய்தார். பல வருடங்களாக அவரை எதிர்த்து யாரும் நின்றதில்லை. நிற்க வேண்டும் என்று எனக்கும் தோன்றியதில்லை.

லெட்சுமியின் கை

எனக்கு இரண்டு மெஷின் தள்ளி, அட்டையை அச்சு வைத்து வெட்டும் மெஷின் இருந்தது. அதில் வேலை செய்தவள் லெட்சுமி. என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவள். புதிதாகக் கல்யாணமானவள். மருதாணி வைத்த கையோடு வேலைக்கு வந்து சூப்பர்வைசரின் கேலிக்கு ஆளானவள்.

அந்த மெஷினில் ஒரு சென்சார் உண்டு. கை உள்ளே போனால் மெஷின் தானாக நின்றுவிடும். ஆனால் அட்டைத் தூசி படிந்தால்கூட அது நிற்கும். நின்றால் அன்றைய கணக்கு குறையும். அதனால் யாரோ அந்தச் சென்சார் மேல் கறுப்பு டேப்பை ஒட்டிவிட்டார்கள். ஒட்டியது யாரென்று கடைசிவரை தெரியவில்லை. ஒட்டியிருந்தது எல்லோருக்கும் தெரியும்.

ஒரு மத்தியானம், சாப்பாட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால், லெட்சுமி சிக்கிய அட்டையை இழுக்கக் கையை விட்டாள்.

அவள் கத்தவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் தாங்க முடியாதது. "அக்கா" என்று சாதாரணமாகக் கூப்பிட்டாள், அட்டை தீர்ந்துபோனால் கூப்பிடுவாளே, அதே மாதிரி. திரும்பிப் பார்த்தேன்.

ஆம்புலன்ஸ் வரத் தாமதமானது. கம்பெனி வேன் டெலிவரிக்குப் போயிருந்தது. வாசலில் நின்றது மணியம் அண்ணனின் பஸ் மட்டும்தான். ஆட்களை ஏற்றி இறக்க கம்பெனி அவரிடம் கான்ட்ராக்ட் போட்டிருந்தது. பஸ் அவருடைய சொந்த பஸ். யாரிடமும் கேட்காமல் லெட்சுமியை ஏற்றிக்கொண்டார். நான் அவள் கையைத் துண்டில் சுற்றித் தூக்கிப் பிடித்தபடி கூடவே போனேன். அவ்வளவு பெரிய பஸ்ஸில் நாங்கள் மூன்றே பேர். ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை ஹாரனில் வைத்த கையை அவர் எடுக்கவே இல்லை.

வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன.

சந்திரன் அண்ணன் சங்கத்தின் சார்பில் பழக்கூடையோடு வந்து பார்த்தார். கண் கலங்கினார். வெளியே வந்ததும் வராந்தாவில் நான் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணே, அந்த டேப்பு இன்னும் மத்த மெஷின்ல ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கு. எடுக்கச் சொல்லுங்க."

"பேசறேன் கலா. இப்ப மேனேஜ்மெண்ட் சூடா இருக்கு. கொஞ்சம் ஆறட்டும்."

"ஆறினா மறந்துடுவாங்க அண்ணே."

"எல்லாத்துக்கும் ஒரு நேரம் இருக்கு லா. எனக்குத் தெரியாதா?"

நேரம் வந்தபாடில்லை. தீபாவளி வந்தது, போனது. டேப் அப்படியே இருந்தது. லெட்சுமியின் இடத்தில் நேப்பாளத்துப் பையன் ஒருவனை நிறுத்தினார்கள். அவன் கையை உள்ளே விடும் ஒவ்வொரு தடவையும் நான் திரும்பிப் பார்ப்பேன். கிளைத் தேர்தல் அறிவிப்பு ஒட்டப்பட்டதும், தலைவர் பதவிக்கு என் பெயரைக் கொடுத்தேன்.

வீட்டுக்காரர் லோரி ஓட்டுகிறவர். அதிகம் பேசமாட்டார். "தோத்தாலும் வேலை இருக்குமா?" என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றேன்.

எது வெளியே, எது உள்ளே

தேர்தலில் நின்றால் நாலு பேரிடம் பேச வேண்டுமே. எங்கே பேசுவது? அதுவே பெரும் பிரச்சினையாகிவிட்டது.

சந்திரன் அண்ணனுக்குக் கேண்டீன் கிடைத்தது. இடைவேளையில் மைக்கைப் பிடித்து, இத்தனை வருடங்களில் சங்கம் வாங்கிக் கொடுத்ததை எல்லாம் சொன்னார். மறுநாள் நான் எச்.ஆர். மேனேஜரிடம் போய் எனக்கும் அதே இடம், அதே நேரம் வேண்டும் என்று கேட்டேன்.

அந்த அம்மாள் சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர். என்னை உட்காரச் சொல்லி, மலாயில் பொறுமையாக விளக்கினார். "சந்திரன் யூனியன் தலைவர். தலைவர் என்கிற முறையில் உறுப்பினர்களிடம் பேசினார். அதற்கு எப்போதும் அனுமதி உண்டு. நீங்கள் வேட்பாளர். தேர்தல் பிரச்சாரத்துக்குக் கம்பெனி இடத்தைக் கொடுக்க முடியாது. கேட்டுக்கு வெளியே என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள்."

கேட்டுக்கு வெளியே போய் நின்று பார்த்தேன். ஒரு பக்கம் பெரிய சாக்கடை. மறுபக்கம் கன்டெய்னர் லோரிகள் புழுதி கிளப்பிக்கொண்டு போகும் சாலை. நடைபாதை கிடையாது. எங்கள் ஆட்கள் பஸ்ஸிலும் மோட்டார் சைக்கிளிலும் நேராக உள்ளே போய்விடுவார்கள். நேப்பாள, வங்காளதேசத் தொழிலாளர்களுக்குக் கேட்டைத் தாண்ட வேண்டிய அவசியமே இல்லை. அவர்களுடைய ஹாஸ்டல் தொழிற்சாலை வளாகத்துக்குள்ளேயே இருந்தது. அவர்களும் உறுப்பினர்கள், அவர்களுக்கும் ஓட்டு உண்டு. ஆனால் அவர்கள் தூங்கும் கட்டிலும் கம்பெனி இடம்.

நான் நின்றேன். கையில் நோட்டீஸ். நாள் முழுக்க நின்றாலும் அதை வாங்கிக்கொள்ள அந்த ஜாகாவைத் தவிர ஆளில்லை. அவரும் நல்ல மனுஷன். "அக்கா, நிழல்ல வந்து நில்லுங்க" என்றார். அப்புறம் தரையில் போட்டிருந்த எல்லைக் கோட்டைப் பார்த்துவிட்டு, "கோட்டுக்கு அந்தப் பக்கம் மட்டும்" என்றார்.

இந்தக் காலத்தில் வாட்ஸ்அப் இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது. கிளை குரூப்பில் லெட்சுமியைப் பற்றி நாலு வரி எழுதிப் போட்டேன். சாயங்காலத்துக்குள் குரூப்பை அட்மின் மட்டுமே எழுத முடிகிற மாதிரி மாற்றிவிட்டார்கள். அதன்பிறகு காலை வணக்கப் படங்கள் மட்டும் வந்துகொண்டிருந்தன.

பிரிக்பீல்ட்ஸ் மாடிப்படி

லீவு எடுத்துக்கொண்டு பிரிக்பீல்ட்ஸுக்குப் போனேன். சங்கத்தின் தலைமையகம் அப்போது அங்கே ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்தது. கே.எல். சென்ட்ரல் ஸ்டேஷனில் இறங்கி, பூக்கடைகளையும் பார்வையற்றவர்கள் உடம்பு பிடித்துவிடும் கடைகளையும் தாண்டி நடக்க வேண்டும். வேறு நாளாக இருந்திருந்தால் ஒரு முழம் மல்லிகை வாங்கியிருப்பேன். அன்றைக்குப் பூவைப் பார்க்கவே மனசு வரவில்லை.

மாடியில் என் வயதிருக்கும் ஓர் அதிகாரி எல்லாவற்றையும் கேட்டார். நடுவில் ஒருமுறைகூட போனைப் பார்க்கவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

"சங்கத்தோட நியாயமான வேலையில உறுப்பினர் ஈடுபடறத முதலாளி தடுக்கக்கூடாது. அது சட்டம்" என்றார். "வேலை நேரத்துல அனுமதி இல்லாம செஞ்சா நிறுத்தலாம். அதுவும் சட்டம்தான். ரெஸ்ட் டைம்ல, கேண்டீன்ல? அங்கதான் எப்பவும் இழுபறி."

"ஒருத்தருக்குக் கொடுத்துட்டு இன்னொருத்தருக்கு இல்லேங்கறது?"

"தப்பு. அப்படின்னா முதலாளி ஒரு பக்கம் சேர்ந்துக்கிட்டாருன்னு அர்த்தம். நாங்க எழுதறோம்."

"எழுதியும் மாட்டேன்னா?"

"கேஸ் போடலாம் கலா." கொஞ்சம் நிறுத்தினார். "கேஸ் முடியறதுக்குள்ள உங்க எலெக்ஷன் முடிஞ்சு போயிடும்."

பொய் சொல்லாமல் அனுப்பினாரே என்று நினைத்துக்கொண்டு படியிறங்கினேன். திரும்பி வரும் ரயிலில் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். உரிமை இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். அதை எங்கே நின்று பயன்படுத்துவது என்பது மட்டும் தெரியவில்லை.

மறுநாள் விடியற்காலை பஸ்ஸில் ஏறும்போது, எப்படிப் போச்சு என்று மணியம் அண்ணன் கேட்டார். சொன்னேன். அவர் பஸ்ஸை எடுத்தார். மழையில் வழக்கத்தைவிட வேகமாக ஓட்டினார். எதற்கென்று மேம்பாலத்துக்குக் கீழே நிறுத்தியபோதுதான் புரிந்தது. எனக்குப் பத்து நிமிடம் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்.

பஸ்ஸுக்குள்ளே

"லெட்சுமி கை..." என்று ஆரம்பித்து நின்றுபோனேன் என்று சொன்னேன் அல்லவா?

முன் சீட்டிலிருந்த ஒரு மலாய்க்கார அக்கா, "மெதுவா சொல்லு கலா, நாங்க கேக்கறோம்" என்று மலாயில் சொன்னார். அதற்குப் பிறகு வந்தது. தமிழும் மலாயும் கலந்து, எது முதலில் வாயில் வந்ததோ அதைச் சொன்னேன். டேப்பை எடுக்க வேண்டும். ஆபத்து என்று தெரிந்தால் மெஷினை நிறுத்த எல்லோருக்கும் உரிமை வேண்டும், நிறுத்தியவருக்கு வார்னிங் கொடுக்கக் கூடாது. இந்த இரண்டும்தான் நான் கேட்பது. வேறு எந்த வாக்குறுதியும் என்னிடம் இல்லை என்றேன்.

யாரும் கைதட்டவில்லை. பஸ் கிளம்பியது. இறங்கும்போது ஒருவர், பெயர்கூட எனக்குத் தெரியாது, என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

தொடர்ந்து சில காலைகள் அப்படியே நடந்தன. மணியம் அண்ணன் நிறுத்துவார், நான் பேசுவேன், கேள்வி கேட்பார்கள். யாரும் வேலைக்குத் தாமதமாகப் போகவில்லை. அதில் அவர் மிகவும் கண்டிப்பாக இருந்தார்.

பிறகு எச்.ஆர். அவரைக் கூப்பிட்டது. பஸ் கம்பெனி சேவையில் இருக்கும்வரை அதுவும் கம்பெனி இடம்தான் என்று சொல்லியிருக்கிறார்கள். இன்னொரு தடவை நடந்தால் கான்ட்ராக்டைப் புதுப்பிப்பது கஷ்டம் என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

"வேணாம் அண்ணே, விட்டுடுங்க" என்றேன். "உங்களுக்கு இந்தத் தேர்தல்ல ஓட்டுகூட இல்ல. நீங்க சங்கத்து ஆளே இல்ல."

அவர் ஸ்டீயரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரியிலேருந்து வந்து சீட்டைக் கழுவினது நான்தானே" என்றார். "மூணு தடவை கழுவினேன் கலா. அப்புறம் அந்த சீட்டைக் கழட்டிட்டு வேற போட்டேன். சாயங்காலம் ஆளுங்க ஏறினாங்க, சிரிச்சாங்க, பேசினாங்க. எதுவும் நடக்காத மாதிரி இருந்துச்சு. எனக்கு அது ஒரு மாதிரி ஆயிடுச்சு."

மறுநாளும் நிறுத்தினார்.

மைக்

தேர்தலுக்கு முந்தின நாள் சந்திரன் அண்ணனுக்கு மறுபடியும் கேண்டீன் கொடுத்தார்கள். தலைமையகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. பரிசீலிக்கிறோம் என்று கம்பெனி பதில் போட்டிருந்தது.

லெட்சுமி அப்போது வேலைக்குத் திரும்பியிருந்தாள். ஸ்டோரில் லேபிள் ஒட்டும் லேசான வேலை, இடது கையால். கேண்டீனில் எப்போதும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துதான் சாப்பிடுவாள். அன்றைக்கு சந்திரன் அண்ணன் பேசிக்கொண்டிருக்கும்போது எழுந்தாள். கையை மறைக்கவில்லை. அவள் அதை மறைக்காமல் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"அண்ணே, கலாக்காவும் பேசட்டும்."

சுடுதண்ணீர்க் கொதிகலன் மட்டும் இரைந்துகொண்டிருந்தது. சந்திரன் அண்ணன் வாசலைப் பார்த்தார். அங்கே எச்.ஆர். மேனேஜர் நின்றுகொண்டிருந்தார். பிறகு லெட்சுமியைப் பார்த்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். கடைசியில் மைக்கை மேசைமேல் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டார். என்னைக் கூப்பிடவுமில்லை, தடுக்கவுமில்லை.

எழுந்து போய் மைக்கை எடுத்தேன். மேனேஜர் அருகில் வந்தார்.

"கலா, அந்த மைக் கம்பெனியுடையது." அப்போதும் குரல் உயரவில்லை.

மைக்கை இருந்த இடத்திலேயே வைத்தேன். ஒரு நாற்காலியின்மேல் ஏறி நின்று, தொண்டையைத் திறந்து பேசினேன். முன் மேசைகளுக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். அவர்கள் திரும்பிப் பின்னால் இருப்பவர்களுக்குச் சொன்னார்கள். ஒரு மேசையில் மலாயில், அடுத்ததில் நேப்பாளியில், கடைசி மூலையில் வங்காளத்தில். நான் ஒரு வரி சொல்லி நிறுத்துவேன். அது கேண்டீனின் மறுகோடிவரை போய்ச் சேரும் சலசலப்பு கேட்கும். பிறகு அடுத்த வரி. இடைவேளை முடியும் மணி அடிக்கும்போது நானே பேச்சை முடித்துவிட்டு இறங்கினேன். வேலை நேரத்தில் ஒரு சொல்கூடப் பேசவில்லை. அதில் நானும் கண்டிப்பாக இருந்தேன்.

என் நாற்காலி ஆடாமல் யாரோ பிடித்துக்கொண்டிருந்தது இறங்கும்போதுதான் தெரிந்தது. வெட்டும் மெஷினில் நிற்கும் அந்த நேப்பாளத்துப் பையன்.

முடிவு

காஜாங் வாசகிக்குப் பதில்: தோற்றுப்போனேன்.

வித்தியாசம் அதிகமில்லை. தலைமையகத்திலிருந்து வந்த இருவர் எண்ணி முடித்தபோது சந்திரன் அண்ணனே சற்று வெளிறிப் போயிருந்தார். பலருக்கு என்மேல் இரக்கம் இருந்தது, பயமும் இருந்தது. இன்னும் பலர் தங்கள் வீட்டுச் சாவுக்கு வந்து நின்ற மனுஷனை மறக்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நானே அந்த மனுஷனிடம் கடன்பட்டவள்.

ஆனால் எதிர்த்து ஓட்டு விழும் என்று அதுவரை அவருக்குத் தெரியாது. அடுத்த சில வாரங்களில் அவர் மேனேஜ்மெண்டோடு உட்கார்ந்தார். எல்லா மெஷின்களிலிருந்தும் டேப்பை உரித்தார்கள். சென்சார்களைத் தினமும் துடைக்க ஆள் போட்டார்கள். நோட்டீஸ் போர்டில் சந்திரன் அண்ணன் பெயரில் அறிவிப்பு வந்தது. அதைப் படித்துவிட்டு நானும் லெட்சுமியும் கொஞ்ச நேரம் நின்றோம். லெட்சுமி இடது கையால் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

அடுத்த தேர்தலுக்கு முன்னால், கேண்டீனைக் கொடுத்தால் எல்லா வேட்பாளருக்கும் சம நேரம் என்று தலைமையகம் கம்பெனியிடம் கையெழுத்து வாங்கியது. மைக்கும் சேர்த்துத்தான். அந்தத் தடவை லெட்சுமி செயற்குழுவுக்கு நின்று ஜெயித்தாள். ஆனால் அது பின்னால் நடந்தது.

என் தேர்தல் முடிந்த மாதக் கடைசியில், ஒரு திங்கட்கிழமை, கம்பம் என்று நாங்கள் சொல்லும் கிராமத்தின் முனையில், நாங்கள் ஏறும் பெரிய சந்திப்பில், வேறு ஒரு பஸ் வந்து நின்றது. குளிர்சாதன பஸ். புது டிரைவர்.

மேருவில் ஒரு வீடு

அந்த ஞாயிற்றுக்கிழமை கிள்ளான் பக்கம் மேருவில் இருக்கும் மணியம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். பஸ் வாசலில் நின்றது. முன்கண்ணாடியில் 'விற்பனைக்கு' என்று எழுதி ஒட்டியிருந்தது.

அவர் மனைவி கதவைத் திறந்தார். தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். பிறகு என் முகத்துக்கு நேராகச் சொன்னார்.

"உங்க எலெக்ஷன்ல எங்க வீட்டு அடுப்பு அணைஞ்சுபோச்சு."

"சும்மா இரு" என்றார் மணியம் அண்ணன்.

"இல்லண்ணே, அவங்க சொல்லட்டும்" என்றேன். அந்த அம்மாள் உள்ளே போய்விட்டார். அடுப்படியில் பாத்திரம் விழுந்த சத்தம் மட்டும் கேட்டது. நான் மன்னிப்புக் கேட்க வந்தவள். எந்த வார்த்தையும் அந்தச் சத்தத்துக்குச் சமமாக இருக்காது என்று தோன்றியது. தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்தேன்.

மணியம் அண்ணன் சாலைவரை கூடவே நடந்து வந்தார். ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டக் கூப்பிட்டிருக்கிறார்கள், போய்ப் பார்க்க வேண்டும் என்றார். டேப்பை எடுத்துவிட்டார்களா என்று கேட்டார். எடுத்துவிட்டார்கள் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

"புது டிரைவர் எப்படி?"

"பரவால்ல அண்ணே. ஏர்கோன் நல்லா இருக்கு."

"பெரிய சந்திப்புல நின்னு ஏத்தறாரா? மழை பேஞ்சா கம்பத்துக்குள்ளேருந்து ஒரு அக்கா நடந்து வருவாங்களே, அவங்க வர்றதுக்குக் கொஞ்சம் லேட்டாகும். முட்டிவலிக்காரங்க. ஓடி வர முடியாது."

"நிக்கறதில்ல அண்ணே. நேரமானா எடுத்துடறாரு. ரெண்டு நாள் அவங்க வேலைக்கு வரல."

அவர் முகம் மாறியது. கான்ட்ராக்ட் போனதைப் பற்றிப் பேசும்போதுகூட நான் பார்க்காத கோபம் அது. "ஒரு நிமிஷம்" என்றார். "ஒரு நிமிஷம் நின்னா என்ன லா?"

மறுநாள் விடியற்காலை மழை. பெரிய சந்திப்பில் எல்லோரும் ஏறினார்கள். நான் கடைசியாக நின்றேன். ஒரு காலைப் படியில் வைத்தேன், மறு காலைத் தரையிலேயே வைத்துக்கொண்டேன். கதவை மூட முடியாது.

"அக்கா, ஏறுங்க லா! லேட் ஆச்சு!" என்றார் புது டிரைவர்.

"ஒரு நிமிஷம் தம்பி. ஒரு ஆள் வரணும்."

அவர் ஹாரனை அடித்தார். பஸ்ஸுக்குள்ளே யாரும் முணுமுணுக்கவில்லை. முன் சீட்டிலிருந்த மலாய்க்கார அக்கா எட்டி என் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். மழை என் முதுகில் கொட்டிக்கொண்டிருந்தது. கம்பத்துச் சந்திலிருந்து, ஒரு கையில் குடையும் மறு கையில் செருப்புமாக, அந்த அக்கா மெல்ல மெல்ல வந்துகொண்டிருந்தார்.